மூன்றாண்டுப் படிப்புக்கு ஒரு தூக்குக்குண்டு

ஆனி மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். புதிய பெட்டி ஒன்று, சுருட்டிக் கட்டிய பாய், ஒரு வாளி, அம்மா கட்டித் தந்த முறுக்குப் பொட்டலம். இவற்றுக்கு நடுவே, மகனையோ மகளையோ கல்லூரி விடுதியில் சேர்க்கப் புறப்பட்டு நிற்கும் பெற்றோர். விடுதி வாசலில் விடைபெறும் வேளையில் தந்தை சொல்லும் சொல் பெரும்பாலும் ஒன்றேதான்: "நல்லாப் படிப்பா."

அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது, ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பும் அடங்கியிருக்கிறது. ஆயினும் எதைப் படிப்பது, எவ்வளவு படிப்பது, எப்போது படிப்பது, எதற்காகப் படிப்பது என்னும் வினாக்களுக்கு அதில் விடை இல்லை. விடையைப் பிள்ளையே கண்டுகொள்வான் என்று தந்தை நினைக்கிறார். கல்லூரி சொல்லித் தரும் என்று பிள்ளை நினைக்கிறான். பள்ளியில் முடித்து வந்திருப்பான் என்று கல்லூரி நினைக்கிறது. மூவரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே முதற்பருவம் முடிந்துவிடுகிறது.

இது ஏதோ சில குடும்பங்களின் செய்தி அன்று. 2021–22ஆம் கல்வியாண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலானோரை அடிப்படையாகக் கொண்ட மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. கல்லூரியின் படியை இதுவரை மிதித்தறியாத இல்லங்களின் பிள்ளைகள் இன்று அந்தப் படியேறுகிறார்கள். நாம் மகிழ வேண்டிய செய்தி இது. ஆனால் கதவு திறப்பது ஒன்று. உள்ளே சென்றபின் எத்திசையில் நடப்பது என்பது மற்றொன்று. கட்டணத்தைப் பிறர் செலுத்தலாம். குறிக்கோளைப் பிறர் தர இயலாது.

நாம் அறிந்த இல்லம்

நமக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான குடும்பம் ஒன்று. தந்தை கொத்தனார், தாய் வீட்டோடு ஒரு தையல் இயந்திரம் வைத்திருப்பவர். மூத்த மகன் தமிழ் வழியில் பயின்று, பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெற்று, நகரத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. இயற்பியல் வகுப்பில் சேர்ந்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் பிள்ளை அவனே. புறப்படுமுன் நம்மிடம் விடைபெற வந்தான். "என்ன செய்யப் போகிறாய், தம்பி?" என்று கேட்டோம். "நல்லாப் படிச்சுப் பெரிய ஆளா வருவேன், ஐயா" என்றான். நாமும் மனநிறைவோடு வாழ்த்தி அனுப்பினோம். நாமும் வேறொன்றும் கேட்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு பொங்கலுக்கு அவன் ஊருக்கு வரவில்லை. சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று தொலைபேசியில் தாயிடம் சொல்லியிருந்தான். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே நம்மிடம் வந்து, மடித்து மடித்துத் தேய்ந்துபோன தாள் ஒன்றை நீட்டினான். ஐந்து தாள்களில் மூன்றில் தேர்ச்சி இல்லை. ஆங்கிலம், இயந்திரவியல், துணைப்பாடமான கணிதம். மாணவர் வழக்கில் சொன்னால், மூன்று 'அரியர்'.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா, படிச்சது போதும், வேலைக்கு வான்னு சொல்லிருவாங்க, ஐயா. நானே நின்னுரலாம்னு பார்க்கிறேன்."

என்ன நேர்ந்தது என்று மெல்லக் கேட்டோம். வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. முதல் இரு வாரங்கள் புரியவில்லை. போகப் போகப் புரியும் என்று இருந்தான். அடுத்த மாதம் கேட்கலாம் என்றால் வெட்கம் வந்துவிட்டது. இத்தனை நாள் என்ன செய்தாய் என்று ஆசிரியர் கேட்பாரோ என்னும் அச்சம். பள்ளியில் இருந்ததுபோல் வாரத் தேர்வும், ஒவ்வொரு வாரமும் கைப்பிடித்து இழுத்துச் செல்லும் ஆசிரியரும் இங்கே இல்லை. கடைசி மூன்று வாரங்களில் இரவு பகலாகப் படித்தான். அவன் சோம்பேறி அல்லன். படிக்கவில்லை என்று சொல்வதற்கும் இல்லை. ஆனால் எந்த வாரத்திலும், "இந்த வாரம் நான் எங்கே நிற்க வேண்டும்?" என்று அவன் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பெரிய ஆளாக வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் என்ன முடித்திருக்க வேண்டும் என்பது தெரியவில்லை.

அன்று மாலையே அவனோடு அவன் வீட்டுக்குச் சென்றோம். செய்தியைக் கேட்ட தந்தை வெகு நேரம் பேசவில்லை. தாய் அடுப்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு தந்தை மகனைப் பார்த்துச் சொன்னார்: "சுவர் சாய்ஞ்சிருக்குன்னு கூரை போடுற அன்னிக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அதுக்குத்தானே ஒவ்வொரு வரிக்கும் தூக்குக்குண்டு விடுறோம். நாலு வரியில தெரிஞ்சா நாலு வரியைப் பிரிச்சாப் போதும்." சற்றுப் பொறுத்து, "எத்தனை வரி பிரிக்கணும்னு பாரு" என்றார்.

கல்லூரி மாணவருக்குக் குறிக்கோளைப் பற்றி நாம் படித்த நூல்களெல்லாம் சொல்வதை அந்தக் கொத்தனார் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார் என்றே நமக்குத் தோன்றியது.

விருப்பம் வேறு, குறிக்கோள் வேறு

நன்றாகப் படிக்க வேண்டும் என்பது விருப்பம். நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் அதையே சொல்வர். விருப்பத்திற்கு அளவு இல்லை, நாள் இல்லை, ஆகையால் தவறியதும் தெரிவதில்லை. குறிக்கோளோ, தவறினால் தவறியது என்று அன்றே சொல்லிவிடும். அதுவே அதன் பயன்.

இதனை எட்வின் லாக், கேரி லேதம் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1990இல் பெருநூலாக வெளியிட்டனர். "உன்னால் இயன்றதைச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, திட்டமான, சற்றே கடினமான இலக்கைப் பெற்றவர்கள் மிகுதியாகச் செய்து முடித்தார்கள் என்பதே அவர்களுடைய ஆய்வின் சாரம். 1975இல் லேதம் வெளியிட்ட ஆய்வு ஒன்று கல்லூரியில் நடந்ததன்று. அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்களிடையே நடந்தது. இயன்ற அளவு ஏற்றுங்கள் என்று சொல்லியிருந்தவரை, சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடே ஏற்றிவந்தனர். 94 விழுக்காடு என்று இலக்கு குறித்த பின்னர், ஏற்றிய எடை 90 விழுக்காட்டை எட்டியது. ஆட்கள் அவர்களே, வண்டிகளும் அவையே. மாறியது சொல் மட்டுமே.

ஆகவே, விடுதி வாசலில் நிற்கும் தந்தையும் தம் சொல்லைச் சற்றே மாற்றிக்கொள்ளலாம். "நல்லாப் படி" என்பதற்குப் பதிலாக, "முதல் மாத முடிவில் எந்தப் பாடத்தில் எவ்வளவு முடிந்தது என்று எனக்குச் சொல்" என்று சொல்லலாம். தந்தைக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

இரண்டு மாணவர்கள்

நம் நாட்டின் கல்லூரி வரலாற்றில் இருவரை இங்கே நினைவுகூர்வது பயன் தரும்.

முதலாமவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதமே அவருடைய மூச்சாக இருந்தது. மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார்; எப்.ஏ. தேர்விலும் தேர்ச்சி பெறவில்லை. அதன்பின் பட்டமும் இல்லாமல், நிலையான வேலையும் இல்லாமல் பல ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றியது. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இதைச் சொல்லி, "இராமானுஜனே தேர்வில் தவறினார்" என்று ஆறுதல் அடையும் இளைஞர் உண்டு. நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை. அவருடைய மேதைமை கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. அவருக்கே அந்த ஆண்டுகள் பசியும் அலைச்சலுமாகக் கழிந்தன. தனக்குப் பிடித்த பாடத்தில் முன்னேறுவது ஓர் இலக்கு. பிடிக்காத பாடத்தில் தேர்ச்சியளவையேனும் தாண்டுவது மற்றோர் இலக்கு. இரண்டாவது சிறியதே ஆயினும், முதலாவதன் கதவுக்கு அதுதான் தாழ்ப்பாள். ஆங்கிலத் தாளை ஒதுக்கிவைத்த நம் கொத்தனார் மகன் கற்றுக்கொண்டதும் இதுவே.

இரண்டாமவர் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். இராமேசுவரத்திலிருந்து வந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்று இயற்பியலில் பட்டம் பெற்றார். பட்டம் பெறும் நேரத்தில்தான், தம் கனவுக்குரிய துறை இயற்பியல் அன்று, பொறியியலே என்பதை உணர்ந்தார். வழி தவறிவிட்டதே என்று அங்கேயே அமர்ந்துவிடவில்லை. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் படிக்க இடம் பெற்றார். அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்காள் ஜொகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்துக் கொடுத்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வளையல்களை மீட்பேன் என்று அன்று தமக்குள் உறுதி பூண்டதாகக் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாம் மேலே சொன்ன இலக்கணத்துக்கு இதைவிடத் திட்டமான குறிக்கோள் வேறு வேண்டுமா?

அங்கேயும் ஒரு நெருக்கடி வந்தது. மாணவர் சிலர் சேர்ந்து செய்த வானூர்தி வடிவமைப்பில் தம் பங்கை அவர் போதிய அளவு முடிக்கவில்லை. பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். இரவு உணவையும் விட்டு வரைபலகையின் முன் நின்று கலாம் அதை முடித்தார். கல்வி முடித்தபின் விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கலாம் ஒன்பதாவது இடத்தில் நின்றார். விமானியாக வேண்டும் என்னும் நெடுநாள் கனவு அன்றே முடிந்தது. பின்னர் 1958இல் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்தார். மற்றவை உலகறிந்தவை.

இதில் இளைஞர் கண்டுகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இலக்கை மாற்றிக்கொள்வது தோல்வி அன்று. இலக்கே இல்லாதவனுக்கு மாற்றிக்கொள்வதற்கும் ஒன்றும் இராது. கலாம் ஒவ்வொரு படியிலும் எதையோ நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஆகையால்தான், பாதை மூடியபோது அடுத்த பாதை எங்கே என்று தேட முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி, நம் மாணவனிடம் மீண்டும் செல்வோம். எத்தனை வரியைப் பிரிப்பது என்று பார்ப்பதற்காக அடுத்த ஞாயிறு அவனும் நாமும் ஒரு தாளோடு அமர்ந்தோம்.

ஒரு பருவத்திற்கு ஏறத்தாழ 90 வேலை நாள்கள். அதாவது, பதினெட்டு வாரங்கள். அவனுக்கு ஐந்து பாடங்கள். பாடத்திற்கு ஐந்து அலகுகள். ஆக மொத்தம் இருபத்தைந்து அலகுகள். கடைசி இரு வாரங்களைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒதுக்கினால், வாரத்துக்கு ஒன்றரை அலகுக்குச் சற்று மேல் வருகிறது. "அவ்வளவுதானா?" என்று வியந்தான். கடைசி மூன்று வாரங்களில் இருபத்தைந்து அலகுகளையும் முட்டி மோதிப் படித்த பிள்ளைக்கு அது வியப்பாகவே இருந்திருக்கும். பாதிப் பருவம் ஏற்கெனவே கடந்திருந்ததாலும், பழைய மூன்று தாள்கள் சேர்ந்ததாலும், அவன் பங்கு வாரத்துக்கு மூன்று அலகுகளுக்கு மேல் ஆயிற்று. கடினம், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கடினம். மூன்று பழைய தாள்களையும் ஒரே மூச்சில் முடிக்க முயல வேண்டாம், ஆங்கிலத்தையும் கணிதத்தையும் இப்போது எடுத்து, இயந்திரவியலை அடுத்த பருவத்துக்கு வைப்போம் என்று முடிவு செய்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் போடும் கால அளவு பெரும்பாலும் பொய்த்துவிடும். 1994இல் கனடா நாட்டில் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு இதை மெய்ப்பிக்கிறது. பட்டப் படிப்பின் இறுதியாண்டு ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவரைக் கேட்டனர். சராசரியாக 34 நாள்கள் என்றனர். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாள்களுக்கு மேல். தாம் குறித்த நாளுக்குள் முடித்தவர்கள் மூவரில் ஒருவர்கூட இல்லை. நம் வீட்டுத் திருமண அழைப்பிதழ் வேலையே அப்படித்தானே நடக்கிறது! ஆகவே, இரண்டு நாள் ஆகும் என்று தோன்றும் வேலைக்கு மூன்று நாள் ஒதுக்குவது கோழைத்தனம் அன்று, அனுபவம்.

அடுத்து, எப்போது, எங்கே என்பது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதை ஆராய்ந்தவர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்புமாறு மாணவரிடம் சொல்லப்பட்டது. எந்த நேரத்தில், எந்த இடத்தில் அமர்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களுள் உரிய காலத்தில் எழுதியோர், அவ்வாறு குறிக்காதவர்களைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தனர். 1997இல் வெளிவந்த முடிவு இது. ஆகையால் நம் மாணவனும், "கணிதம் படிப்பேன்" என்று எழுதவில்லை. "மாலைத் தேநீர் முடிந்தவுடன் நூலகத்தின் சன்னலோர மேசையில் ஆறரை வரை கணக்குப் போடுவேன்" என்று எழுதினான். இடமும் நேரமும் முடிவாகிவிட்டால், நாள்தோறும் மனத்தோடு போராட வேண்டிய தேவை குறைகிறது.

மூன்றாவது, எப்படிப் படிப்பது என்பது. நம் பிள்ளைகளில் பலர் ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசிப்பதையே படிப்பு என்று கருதுகிறார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை வாசித்த மாணவரையும், ஒரு முறை வாசித்து, பின் புத்தகத்தை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவரையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, வாசித்தவர்களே மிகுதியாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, வாசித்தவர்களுக்கு நூற்றுக்கு 40 நினைவிருந்தது; எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. வாசிப்பு, தெரிந்துவிட்டது என்னும் மயக்கத்தைத் தருகிறது. மூடிவைத்து எழுதிப் பார்ப்பதே தெரிந்ததா என்று காட்டுகிறது. தூக்குக்குண்டு என்று கொத்தனார் சொன்னதும் இதைத்தான்.

இறுதியாக, வாரம் ஒரு முறை கணக்குப் பார்த்தல். ஞாயிறு மாலை பத்து நிமிடம் போதும். குறித்தது என்ன, முடிந்தது என்ன, முடியாதது ஏன், அடுத்த வாரம் என்ன. இந்த நான்கையும் ஒரு பழைய குறிப்பேட்டில் எழுதிவந்தான். மாதம் ஒரு முறை தந்தைக்குத் தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டினான். தந்தை கேட்ட கேள்வி எப்போதும் ஒன்றே: "இந்த மாசம் எத்தனை வரி ஏறிச்சு?"

மதிப்பெண் பட்டியலில் வராதவை

கல்லூரிக் காலம் தேர்வுகளால் மட்டும் ஆனதன்று. பதினேழு, பதினெட்டு வயதில் உள்ளே வரும் பிள்ளை, இருபது இருபத்தொரு வயதில் முழு மனிதனாக வெளியே செல்ல வேண்டும். இதற்கும் குறிக்கோள் வேண்டும்; ஆனால் நிறைய வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும்.

தமிழ் வழியில் வந்தவர்களுக்கு ஆங்கிலம் முதல் தடை. "ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன்" என்பது விருப்பம், "நாள்தோறும் பாடநூலில் ஒரு பத்தியை உரக்க வாசித்து, தெரியாத ஐந்து சொற்களைப் பொருளோடு எழுதுவேன், வாரம் ஒரு முறையாவது வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்பேன்" என்பது குறிக்கோள். இரண்டாம் பாதி கடினமானது. சிரிப்பார்கள் என்னும் அச்சம் இருக்கும். முதல் கேள்விக்குச் சிலர் சிரிக்கவும் கூடும். பத்தாவது கேள்விக்கு யாரும் சிரிப்பதில்லை.

அடுத்தது பணம். வீட்டிலிருந்து வரும் தொகையையும் உதவித்தொகையையும் எழுதிவைத்துச் செலவு செய்யும் பழக்கத்தைக் கல்லூரியில் கற்காதவர், சம்பளம் வாங்கும்போதும் கற்பதில்லை. அடுத்தது உடல். தேர்வுக்கு முந்திய இரவு கண்விழிப்பது வீரம் என்று விடுதிகளில் ஒரு பேச்சு உண்டு. உறங்காத மூளை படித்ததைப் பற்றிக்கொள்வதில்லை என்பதே உண்மை.

இன்றைய பிள்ளைகளுக்குக் கைப்பேசி ஒரு தனிச் சோதனை. அதனைத் தீது என்று ஒதுக்க நமக்கு உடன்பாடில்லை. பாடமும் அதில் இருக்கிறது. வீட்டாரின் குரலும் அதில்தான் வருகிறது. ஆனால் நூலக மேசைக்கு அது வர வேண்டியதில்லை. நம் மாணவன் மாலை வேளையில் அதை விடுதி நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போனான். நண்பனும் சில வாரங்களில் தன்னுடையதையும் அறையிலேயே வைத்துவிட்டு அவனோடு நூலகத்துக்கு வரத் தொடங்கினான். நல்ல குறிக்கோளுக்கு நல்ல துணை எங்ஙனம் வாய்க்கிறது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

பெற்றோருக்கு ஒரு சொல்

தம் பிள்ளையின் குறிக்கோள் எது என்று தேடும்போது, பெற்றோர் முதலில் ஐயுற வேண்டியது தம்மையே. அடுத்த வீட்டுப் பிள்ளை பொறியாளர் ஆனான் என்பதற்காக நம் பிள்ளையும் ஆக வேண்டும் என்பது நம் விருப்பம். அவனுடைய இலக்கு அன்று. கடன் வாங்கிய இலக்கு கடன் வாங்கிய சட்டை போன்றது, தோளில் நிற்காது. மகளின் படிப்பை, "மாப்பிள்ளை வரும் வரை" என்று அளவிடும் இல்லங்கள் இன்னும் நம்மிடையே உண்டு. மூன்றாண்டுக்குத் திட்டமிடு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே திருமணப் பேச்சை எடுத்தால், அவள் எந்த நம்பிக்கையில் எதை நோக்கி நடப்பாள்?

அதைவிட முக்கியமானது, கெட்ட செய்தியைச் சொல்லிக்கொள்ளும் இடமாக நம் வீடு இருக்கிறதா என்பது. அந்த இளைஞன் இரண்டு மாத காலம் ஒரு தாளை மடித்து மடித்து வைத்திருந்தான். அந்த இரண்டு மாதங்களில் அவன் படிப்பும் நின்றது, உறக்கமும் போயிற்று. தோல்வியால் விளைந்த இழப்பைவிட மறைத்ததால் விளைந்த இழப்பே பெரிது. அவன் தந்தை அன்று கை ஓங்கியிருந்தால், அல்லது "உனக்காக நான் பட்ட பாடு" என்று தொடங்கியிருந்தால், இந்தக் கட்டுரையை நாம் எழுதியிருக்க மாட்டோம். எத்தனை வரியைப் பிரிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் கண்டனம் இருந்தது, கைகொடுத்தலும் இருந்தது.

பின்னர் என்ன ஆயிற்று?

அவன் எல்லாவற்றையும் வென்றான் என்று எழுத நமக்கு ஆசைதான். உண்மை அவ்வளவு இனிப்பானதன்று. இரண்டாம் பருவத்தில் புதிய தாள்கள் அனைத்திலும் தேர்ச்சி பெற்றான். பழையவற்றில் கணிதத்தை முடித்தான். ஆங்கிலம் மீண்டும் தவறியது. அந்த முறை தாளை மடித்து வைக்கவில்லை. அன்றே தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னான். மூன்றாம் பருவத்தில் ஆங்கிலத்தையும் இயந்திரவியலையும் முடித்தான். இறுதியாண்டில் ஒரு நிறுவனம் ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வந்தபோது, ஒரு முறையேனும் 'அரியர்' வைத்தவர்கள் விண்ணப்பிக்க இயலாது என்று விதி இருந்தது. வாசல் வரை சென்று திரும்பி வந்தான். முதற்பருவத்தின் மூன்று வாரச் சோர்வு மூன்றாம் ஆண்டில் வந்து விலை கேட்டது. இதை இளைஞர் மறக்கலாகாது.

ஆயினும் உரிய காலத்தில் பட்டம் பெற்றான். இன்று எம்.எஸ்ஸி. படிக்கிறான். மாலையில் தன் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். கல்லூரிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. "அதற்கு அடுத்த படி என்ன?" என்று சென்ற மாதம் கேட்டோம். முன்பு போல், "பெரிய ஆளா வருவேன்" என்று சொல்லவில்லை. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அந்த வாரத்துப் பக்கத்தைத் திறந்து காட்டினான்.

இவ்வாண்டு கல்லூரியில் காலடி வைக்கும் இளைஞரே, இளம்பெண்களே! மூன்றாண்டு கழித்து எங்கே நிற்க விரும்புகிறீர்கள் என்பதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே, வரும் வெள்ளிக்கிழமைக்குள் அதற்காக முடிக்கப்போவது எது என்று எழுதுங்கள். எழுதியதை உங்களை நேசிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். ஞாயிறு மாலை தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கோணல் தெரிந்தால் கலங்க வேண்டாம். நான்கு வரியில் தெரிந்த கோணலை நான்கு வரியிலேயே திருத்திவிடலாம்.